உங்கள் ஒழுங்கையை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

நான் வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். புதிதாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: தாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு வரவேண்டும். பாடப் புத்தகத்தில் உள்ள புவியியல் தகவல் முறைமையை அதற்குப் பிறகுதான் தொடுவோம். ஒரு கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று திரைக்கு முன்னால் இருந்து யோசிக்கும்போது, இடம் என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, ஒரு பொருள் எப்போது வேறு பொருளாகிறது என்ற பழைய மெய்யியல் கேள்விகள் பிள்ளைகளின் வாயிலிருந்தே வருகின்றன. அதற்காகத்தான் இந்த வரிசை.

அந்த வேலையை நீங்களும் செய்யலாம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைச் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன், அதை அரை மணித்தியாலத்தில் பழகிவிடலாம். அழுத்துவதற்கு முன் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவையானவை

ஒரு ஸ்மார்ட்போன், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசக் கணக்கு, சின்னக் கொப்பி, பென்சில். வீட்டில் கணினி இருந்தால் உலாவியிலேயே ‘ஐடி’ என்ற திருத்தும் கருவி திறக்கும். அண்ட்ரொயிட் போன் மட்டும்தான் என்றால் ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும்போதே அது கேள்வி கேட்டு, நீங்கள் சொல்லும் பதிலை வரைபடத்தில் சேர்த்துவிடும்.

இந்த வரைபடத்தை 2004 இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். யாரும் திருத்தலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் கூகுள் மேப்ஸைப் பார்த்து எதையும் பிரதி பண்ணக்கூடாது. உரிமம் இடம் கொடுக்காது என்பது ஒரு காரணம். வேறொருவர் எடுத்த தீர்மானத்தை, அது தீர்மானம் என்றே தெரியாமல் உங்கள் பெயரில் போடுகிறீர்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

இங்கே மூன்றே வகைப் பொருள்கள்தான் உண்டு: புள்ளி, கோடு, பலவற்றைச் சேர்த்துக் கட்டும் தொடர்பு. கோட்டை மூடினால் பரப்பு. ஒவ்வொன்றிலும் ‘இது இன்னது’ என்று சொல்லும் குறிச்சொற்களை ஒட்டலாம். உலகம் விளிம்புள்ள பொருள்களால் ஆனது என்று இந்த முறை முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதைக் கவனியுங்கள். மழை அப்படி இல்லை. கொழும்பின் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே இத்தனை மில்லிமீற்றர் என்று ஒரு பெறுமானம் இருக்கும், மழைக்கு மூலை கிடையாது. வெப்பமும் நிலத்தின் உயரமும் அப்படித்தான். இவற்றைப் புலங்களாக எடுத்து, சிறு சதுரக் கட்டங்களில் சேமிப்பது புவியியல் தகவல் விஞ்ஞானத்தின் மற்றைய வழி. ஒழுங்கைக்கு முதல் வழி நன்றாகவே பொருந்தும். வெள்ளத்தை ஏற்ற வேண்டி வந்தால் நின்று யோசியுங்கள். கோடு போட்டவுடன் கோட்டுக்கு இந்தப் பக்கத்தார் பாதிக்கப்பட்டவர், அந்தப் பக்கத்தார் பாதிக்கப்படாதவர் என்று ஆகிவிடும். கணுக்கால் அளவுத் தண்ணீரும் இடுப்பளவுத் தண்ணீரும் ஒரே நீலம் ஆகிவிடும்.

எங்கே நிற்கிறீர்கள்?

ஒழுங்கை முனையில் நின்று போனில் இருப்பிடத்தைப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன் பொதுவாக 5 மீற்றர் அளவு பிழையோடு காட்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள். செய்மதிச் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் நீலப் புள்ளி சில நேரம் அடுத்த ஒழுங்கைக்கே போய்விடும். அதனால் முனையில், நடுவில், முடிவில் என்று நின்று, ஒவ்வொரு இடத்திலும் புள்ளி அசையாமல் அடங்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செய்மதிப் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் படமும் சில மீற்றர் தள்ளியிருக்கலாம். காலி வீதி போன்ற பெரிய வீதிகளில் பலர் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களைத் திரையில் போட்டுப் பார்த்து, படத்தை நகர்த்திச் சரிசெய்த பிறகே வரையத் தொடங்குங்கள்.

அந்த நீலப் புள்ளி சும்மா வந்ததல்ல. ஜிபிஎஸ் செய்மதிகளின் கடிகாரங்கள் தரையில் உள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோசெக்கன் முந்திப் போகும். ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கொண்டு அதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் பிழை 10 கிலோமீற்றர் அளவுக்கு வளர்ந்துவிடும்.

சரி, போன் 6.87 வடக்கு, 79.86 கிழக்கு என்று காட்டுகிறது. இந்த எண்கள் இடத்துக்குச் சொந்தமானவையா? பிள்ளைகளிடம் கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். 1800 இல் தொடங்கிய நம் நில அளவைத் திணைக்களம் நெடுங்காலம் கந்தவல என்ற அடிப்படையில் அளந்தது. அடிப்படை என்பது, எண்களை எங்கிருந்து, பூமியை எந்த வடிவமாக வைத்து எண்ணுவது என்ற ஏற்பாடு. ஜோர்ஜ் எவரெஸ்டின் பெயரால் அழைக்கப்படும் 1830 ஆம் ஆண்டு நீள்கோளத்தைப் பூமியின் வடிவமாக அது வைத்துக்கொண்டது. பிறகு 1999 இல் புதிய அடிப்படை வந்தது. இரண்டுக்கும் வரைபடத் தொடக்கம் பீதுருதாலகால மலையில்தான். ஆனால் அந்தப் புள்ளிக்குப் பழைய கட்டத்தில் 200,000 என்றும் புதிய கட்டத்தில் 500,000 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். மலை அசையவில்லை, எண் மாறியது. பழைய தாளில் உள்ள அகலாங்கு நெட்டாங்கை அப்படியே போனில் போட்டால் நூறு மீற்றருக்கும் மேல் தள்ளி விழும். உண்மையில் மலையும் அசைகிறது. நம்மைச் சுமக்கும் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கிறது. உலகம் முழுவதற்குமான ஒரு கட்டத்தில் உங்கள் ஒழுங்கையின் எண், ஒழுங்கை தன் அயலோடு இருந்தபடியே இருக்க, மெதுவாகப் பழசாகிக்கொண்டு போகிறது.

1715, 1716 ஆம் ஆண்டுகளில் மெய்யியலாளர் லைப்னிற்சும் நியூட்டனின் பக்கம் நின்ற சாமுவேல் கிளார்க்கும் கடிதங்களில் வாதாடியது இதைப் பற்றித்தான். பொருள்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளி என்ற ஒன்று தனியாக உண்டு என்றது நியூட்டனின் பக்கம். பொருள்களுக்கு இடையிலுள்ள உறவுகளைத் தவிர வெளி என்று வேறொன்று இல்லை என்றார் லைப்னிற்ஸ். நீலப் புள்ளியைப் பார்ப்பவருக்கு நியூட்டன் சொல்வது சரியாகப் படும். இப்போது வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். வடக்கே இன்ன இலக்கக் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய மதில், மேற்கே இன்ன இலக்கக் காணி, பரப்பு இத்தனை பேர்ச்சஸ், இன்ன திகதியிட்ட நில அளவைப் படத்தின் இன்ன துண்டு என்று போகும். ஆள்கூறுகளைத் தேடினால் கிடைக்காது. காணியை அயலவரைக் கொண்டு சொல்கிறது உறுதி. நீதிமன்றத்தில் பேசுவதும் அந்த நான்கு எல்லைதான். நம் சட்டம் லைப்னிற்சின் பக்கம் இருக்கிறது.

இதில் கைவேலைக்கு உதவும் ஒரு விதி உண்டு. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். ஆறு பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 12 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு மூலையிலும் 5 மீற்றர் பிழை விடும் கருவியால் அதை அளந்தால் மிஞ்சுவது காணியா பிழையா? போனைக் கொண்டு காணி எல்லையை ஒருபோதும் வரையாதீர்கள். ஒழுங்கையை வரையுங்கள், கட்டடங்களைப் படத்தைப் பார்த்து வரையுங்கள். மதில் யாருடையது என்பதை உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் விட்டுவிடுங்கள்.

எங்கே முடிகிறது?

அடுத்து, ஒழுங்கை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வெள்ளவத்தைக்கு வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய், மேற்கே கடல். இதில் யாருக்கும் சண்டை இல்லை. கிழக்கே திரும்பினால்தான் பிரச்சினை. பாமன்கடைப் பக்கம் நடந்துபோய், எந்த அடியில் வெள்ளவத்தை முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு விற்கிறவர் வெள்ளவத்தை என்பார். அதே வீட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் பாமன்கடை என்பார். தபாலுக்கு இரண்டுமே கொழும்பு 6. கிராம உத்தியோகத்தர் பிரிவு வேறு கோடு போட்டிருக்கிறது, மாநகரசபை வட்டாரம் இன்னொரு கோடு.

கிரேக்கத்தில் யூபுலிடீஸ் கேட்ட குவியல் கேள்வி இதுவேதான். மணற்குவியலில் இருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால் எந்த மணியோடு அது குவியல் இல்லாமல் போகிறது? எல்லை திட்டமாக உண்டு, நம்மால் அறிய முடியாது, அவ்வளவுதான் என்று நம் காலத்து மெய்யியலாளர் டிமதி வில்லியம்சன் வாதிடுகிறார். இன்னொரு மெய்யியலாளர் அக்கிலே வார்சி புவியியலை எடுத்தே இதற்குப் பதில் எழுதினார். எல்லையின் தெளிவின்மை நிலத்தில் இல்லை, நாம் பெயரைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது என்பது வார்சியின் நிலைப்பாடு. பாமன்கடையில் ஒவ்வொரு கல்லும் தெளிவாகவே இருக்கிறது. ‘வெள்ளவத்தை’ என்று சொல்லும்போது எந்தக் கற்களைச் சேர்க்கிறோம் என்பதை நாம் கூடி முடிவு செய்யவில்லை. நான் வார்சியின் பக்கம். அது வேலைக்கும் உதவுகிறது. முடிவு செய்யப்படாததை முடிவு செய்துவிட்டதுபோல வரைபடத்தில் காட்டக்கூடாது என்று அதிலிருந்து வந்துவிடுகிறது.

ஆகவே ஊர்ப்பெயருக்குப் பரப்பு வரையாதீர்கள். எல்லாரும் ஐயமில்லாமல் வெள்ளவத்தை என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில், சந்தைப் பக்கம் என்று வையுங்களேன், ஒரு புள்ளி வைத்து அதில் பெயரைப் போடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமும் அதுதான். கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு போன்றவற்றுக்கு மட்டும் பரப்பு உண்டு. அவை சட்டம் போட்ட கோடுகள். அவற்றை யோசித்து வரைய முடியாது, ஆவணத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். பரி ஸ்மித் என்ற மெய்யியலாளர் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார்: உலகில் தானாகவே உள்ள எல்லைகள், மனிதர் தீர்மானித்ததால் மட்டும் உள்ள எல்லைகள். கால்வாயை வெட்டியதும் மனிதர்தான், ஆனால் நாளை எல்லாரும் மறந்துபோனாலும் தண்ணீர் அங்கே ஓடும். வட்டார எல்லையை எல்லாரும் மறந்துவிட்டால் அது இல்லை.

‘ஐயமில்லாத’ மேற்கு எல்லைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மரைன் டிரைவைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, கற்களுக்கு நடுவே நின்று கடல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் காட்டுங்கள். அலை வரும், போகும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஒரு முடிவு எடுத்திருக்கிறது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெரிதாக ஏறும்போது வரும் உயர்ந்த நீர்மட்டத்தின் சராசரிதான் கரைக்கோடு. நல்ல முடிவு, ஆனாலும் முடிவுதான். கரையின் நீளத்தைக் கேட்டால் இன்னும் சிக்கல். இலங்கைக் கரையோரம் 1,340 கிலோமீற்றர் என்று ஓரிடத்தில் அச்சாகியிருக்கும், 1,585 என்று இன்னோரிடத்தில். நீளமான அளவுகோல் குடாக்களைத் தாண்டிப் போகும், சிறிய அளவுகோல் ஒவ்வொரு கல்லையும் சுற்றும். லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் இதைக் கவனித்தார். பெனுவா மண்டல்புரோ 1967 இல் பிரித்தானியக் கரையை வைத்து, அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடிக்கொண்டே போகும் என்று காட்டினார். அளவுகோலைச் சொல்லாமல் கரையின் நீளம் என்ற ஒரு எண்ணே கிடையாது. கரையோரத்தை வரையும்போது எந்த உருப்பெருக்கத்தில் வரைந்தீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள கோடு எவ்வளவு நுணுக்கமோ அதே நுணுக்கத்தில் தொடருங்கள்.

காலி முகத்திடலில் இருந்து வடக்கே பார்த்தால் துறைமுக நகரம், 269 ஹெக்டேயர். கடலை நிரப்பும் வேலை 2014 இல் தொடங்கியது. மண் மேலே வந்த பிறகு, 2019 இல் பாராளுமன்றம் அதைக் கொழும்பு மாவட்டத்தோடு சேர்த்தது. நிலம் ஒரு நாளில் வந்தது, இடம் வேறொரு நாளில் வந்தது என்று என் மாணவி ஒருத்தி இதற்கு எழுதினாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியவில்லை.

என்னவென்று சொல்வது? என்ன பெயரில்?

குறிச்சொல் ஒட்டும் வேலை இலகுவாகத் தெரியும். வழிபாட்டுத் தலம் என்றால் எந்தச் சமயம் என்று கட்டம் கேட்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கத்தோலிக்கம் என்று போடுவீர்கள். அது சரி. செவ்வாய்க்கிழமை அங்கே போய் வரிசையில் நின்று பாருங்கள். திருநீறு பூசியவர், வெள்ளைச் சேலை உடுத்திய சிங்கள அம்மா, எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். கட்டிடம் யாருடையது என்பதற்குப் பதில் உண்டு, அங்கே நடப்பது என்ன என்பதற்குக் கட்டம் இல்லை. இப்படியான நேரத்தில் கட்டத்தை உடைக்கப் பார்க்காதீர்கள், கணினி படிக்கிற கட்டம் அது. விவரணை என்று இன்னொரு வெற்றுக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு வசனம் எழுதுங்கள்.

புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரிகளை ஏற்றுவதா என்று ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் வாக்குவாதம் நடக்கும். கட்டிடம் இல்லை, இரவில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக அதே மூலையில் அதே தட்டு. இன்னொருவர் போய்ப் பார்த்தால் உறுதிப்படுத்த முடியுமா என்பதுதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் அளவீடு. பகலில் போனால் முடியும். நான் புள்ளி வைக்கச் சொல்வேன், திறந்திருக்கும் நேரத்தோடு. வைக்க முன் அவரிடமே கேட்கவும் சொல்வேன். ஏன் என்று பின்னால் வரும்.

பெயருக்கு மூன்று மொழிக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. மூன்றையும் நிரப்புங்கள். ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் என்றிருப்பதால் தமிழ்க் கட்டத்தில் அதை ஒலிபெயர்த்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது செட்டியார் தெரு. பழைய பெயருக்கும் கட்டம் இருக்கிறது. பௌத்தாலோக மாவத்தையை புல்லர்ஸ் வீதி என்று தேடுகிற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் கண்டுபிடிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துப் பிழையாக இருந்தால்? பலகையில் உள்ளபடி போடு என்பது பொது விதி. நான் சரியான தமிழைப் பெயர்க் கட்டத்திலும், பலகையில் உள்ளதை மாற்றுப்பெயர்க் கட்டத்திலும் போடச் சொல்கிறேன். தெருவில் வாழ்கிற தமிழர் எப்படி எழுதுகிறாரோ அதுவும் களத்தில் உள்ள உண்மைதான், பலகை மட்டும் களம் இல்லை.

எப்போது உண்மை?

செய்மதிப் படத்தில் தெரிவது அந்தப் படம் எடுத்த நாள். திருத்தும் கருவியின் பின்னணிப் பகுதியில் திகதி தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். நேரில் பார்த்ததாக இருந்தால் ‘சரிபார்த்த திகதி’ என்ற குறிச்சொல்லைச் சேருங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் உயரத் தரவுகளில் ஒன்றை 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாளில் அளந்தது. இன்றைக்கும் மாணவர்கள் அதைத் தரவிறக்கிக் கொழும்பின் மேடு பள்ளம் வரைகிறார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கும் மேல் இறந்தார்கள். 2000 இற்குப் பிறகு அங்கே உயர்ந்த எந்த உயரமும் அந்தத் தரவில் இல்லை. அந்தத் தரவு சொன்னது பொய்யில்லை, அது அளந்த நாளில் நிலம் அப்படித்தான் இருந்தது. அந்த நாளின் பெயரை அழித்துவிட்டு இன்றைய வரைபடமாக வைத்தால்தான் அது பொய்யாகிறது.

நம் திணை மரபு நிலத்தைத் தனியே முதற்பொருள் என்று சொல்லவில்லை, நிலமும் பொழுதும் சேர்ந்துதான் முதல். பாலைக்கென்று தனி நிலமும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் காய்ந்து பாலையாகும். நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் எனக்குத் தெரியாது. கொழும்பு, ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் ஒன்று. பெத்தகானைப் பக்கம் போய் வரட்சி மாதத்தில் ஈரநிலத்தின் ஓரத்தை வரைந்தால் ஒரு கோடு வரும், மழை மாதத்தில் வேறு கோடு வரும். இரண்டில் எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். பருவத்துக்கு நீர் நிற்கும் பரப்பைத் தனியாக வரைந்து ‘பருவகாலம்’ என்ற குறிச்சொல்லைப் போடுங்கள். காய்ந்த நாளில் மட்டும் பார்த்து ‘வெற்று நிலம்’ என்று எழுதிவிட்டால், அதை நிரப்பிக் கட்டலாம் என்று நினைக்கிறவருக்கு நீங்களே சான்று கொடுத்த மாதிரி.

யார் பார்ப்பார்கள்?

கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டத்தை, அதாவது ஏழைகள் நெருக்கமாக வாழும் குடியிருப்பை, ஏற்றுவதற்கு என் பிள்ளைகள் போனார்கள். ஒரு பெரிய ஒழுங்கையில் இருந்து பிரியும் குறுகிய நடைபாதைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரே வீட்டு இலக்கத்துக்குக் கீழே சாய்கோடு போட்டு நீளும் இலக்கங்கள். செய்மதிப் படத்தில் அது ஒரே தகரக் கூரையாகத் தெரியும். நேரில் போகாமல் எதுவும் வரைய முடியாது. பொதுக் குழாயடியில் நின்ற வயதான ஒரு அம்மா என் மாணவியை நிறுத்திக் கேட்டார்.

“மகள், இந்தப் படத்த யாருக்குக் குடுக்கப் போறீங்க?”

“யாரும் பாக்கலாம் அம்மா. எல்லாருக்கும் இலவசம்.”

“அப்ப எங்கள எழுப்ப வாறவனும் பாப்பான்தானே.”

2010 இற்குப் பிறகு நகரப் புனரமைப்புத் திட்டத்தில் கொழும்பின் பல தோட்டங்களில் இருந்து குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். அந்த அம்மா தெரிந்துதான் கேட்டார். வரைபடம் காட்டாமல் விடுவதும் ஒரு கூற்றுத்தான் என்று வரைபட வரலாற்றாசிரியர் பிரையன் ஹார்லி 1980களில் எழுதினார். அவர் பேசியது பெரும்பாலும் ஆட்சியில் இருப்பவர் வேண்டுமென்றே விட்ட வெற்றிடங்களைப் பற்றி. இங்கே கேள்வி தலைகீழாக நிற்கிறது. வெற்றிடமாக இருப்பதே பாதுகாப்பு என்று அங்கே வாழ்கிறவர் சொன்னால் என்ன செய்வது? மறுபக்கம், தீப்பிடித்தால் வண்டி எந்த வாயிலால் உள்ளே வர முடியும் என்று வரைபடத்தில் இல்லாததால் நேரம் போகும். வெள்ளம் வந்தால் கணக்கில் இல்லாத வீட்டுக்கு நிவாரணம் பிந்தும்.

இதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் யார் விடை சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகள் அன்றைக்கு வரைவதை நிறுத்திவிட்டு, தோட்டத்துக்காரர்களோடு இருந்து பேசினார்கள். வண்டி நுழையக்கூடிய வாயில், குழாயடிகள், பொதுக் கழிப்பறை, படிக்கட்டுள்ள நடைபாதைகள் ஆகியவற்றை ஏற்றலாம் என்று அவர்கள் சொன்னார்கள். தனித்தனி வீட்டு உருவமும் இலக்கமும் வேண்டாம் என்றார்கள். அப்படியே செய்தோம். நீங்களும் இப்படியான இடத்துக்குப் போனால் முதலில் கேளுங்கள். கேட்டதையும், கிடைத்த பதிலையும், யாருடைய பெயரும் இல்லாமல், மாற்றங்களைச் சேமிக்கும்போது கேட்கப்படும் குறிப்பில் எழுதுங்கள். ஆட்களின் பெயரை வீட்டில் ஒட்டுவதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பே ஏற்பதில்லை. வன்முறைக்குப் பயந்து தங்கியிருக்கும் பெண்களுக்கான இல்லம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

நிறம் தீட்டப் போகிறீர்கள் என்றால்

ஒழுங்கைகளை ஏற்றிய பிறகு சிலர் குடிசனமதிப்பீட்டுத் தரவை எடுத்து வரைபடத்துக்கு நிறம் தீட்ட ஆசைப்படுவார்கள். தீட்டுங்கள், ஆனால் குறைந்தது இரண்டு வகைப் பிரிவில் தீட்டுங்கள். திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வெள்ளவத்தையும் வருகிறது, கறுவாத்தோட்டமும் வருகிறது. முழுப் பிரிவுக்கும் ஒரே நிறம் என்றால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதே ஆட்களை, அதே எண்ணிக்கையை, கிராம உத்தியோகத்தர் பிரிவாகப் பிரித்தால் படம் மாறிவிடும். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் முடிவு தங்கியிருக்கும் இந்தப் பிரச்சினையை 1934 இலேயே கவனித்தார்கள், 1980களில் ஸ்டான் ஓப்பன்ஷோ விரிவாக ஆராய்ந்தார். ஒரு பிரிவில் மட்டும் தீட்டி, ‘கொழும்பில் இன்னார் இப்படி’ என்று எழுதிய எந்த ஒப்படைக்கும் நான் புள்ளி போடுவதில்லை.

சேமிக்கும்போது

‘சேமி’ அழுத்தும்போது என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் ‘திருத்தம்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பெட்டியில் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரில் பார்த்ததா படத்தில் பார்த்ததா, எந்தத் திகதி, எதை நீங்களாக முடிவு செய்தீர்கள், எதில் உங்களுக்கு ஐயம். தமிழிலேயே எழுதலாம்.

கடைசியாக ஒரு தொல்லை. முற்றமும் மாமரமும் இருந்த வீட்டை இடித்து, அதே இலக்கத்தில் பத்து மாடி எழும்பியிருக்கும். பழைய பொருளைத் திருத்துவதா, அழித்துவிட்டுப் புதிது போடுவதா? பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பலா என்று புளூட்டாக் எழுதிவைத்த கேள்வி உங்கள் திரையில் வந்து நிற்கும். கூரை மாறினால், மேலே ஒரு மாடி ஏறினால் அதே பொருள், திருத்துங்கள். அடித்தளத்தோடு இடித்தால் அது புதுக் கட்டடம், புதிதாக வரையுங்கள். முகவரிக்கு இரண்டு வழியும் சரி. இலக்கம் காணியோடு நிற்கிறது, கட்டடத்தோடு அல்ல, அதனால் அது தொடரும். கடை கைமாறினால் கட்டடத்தைத் தொடாமல் கடைப் புள்ளியை மட்டும் மாற்றுங்கள்.

நீங்கள் போட்டதை இன்னொருவர் மாற்றுவார், அது நிச்சயம். உடனே திருப்பி மாற்றாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. அதில் முதலாவது பதிப்பில் இருந்து யார், எப்போது, என்ன மாற்றினார் என்று இருக்கும். அவருடைய சேமிப்புக் குறிப்பை வாசியுங்கள், கீழே உங்கள் கேள்வியை எழுதுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அவர் உங்கள் ஒழுங்கையின் மற்ற முனையில் குடியிருப்பவராகவும் இருக்கலாம்.